கைடு வேண்டுமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, அவர்களும் உங்களோடு கிளம்புகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ரோமா பாரிஸா என்று இன்னும் முடிவாகவில்லை, கையில் இருப்பதோ இரண்டரை நாள், டூர் புக் செய்வதா நாமே சுற்றுவதா என்று கேட்டிருக்கிறாய்.

ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்காதே. இடத்துக்கு இடம் எடு. காலையில் பார்க்கும் இடம் கைடு இல்லாமல் ஒன்றும் புரியாது. அதே நாள் சாயங்காலம் பார்க்கும் இடத்தில் கைடு இருந்தால் தொந்தரவு.

பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தையே பார். உள்ளே போனால் ஒரு மூலையில் எட்டுத் தூண், இன்னொரு பக்கம் மூன்று தூண், நடுவில் உடைந்த கற்கள். விளக்கப் பலகைகள் இருந்தாலும் நமக்குப் போதாது. எட்டுத் தூண் சாட்டர்ன் கோயிலின் முகப்பு, அந்தக் கோயிலில்தான் ரோம் அரசின் கஜானா இருந்தது, அந்த மூன்று தூண் காஸ்டர், பாலக்ஸ் என்ற இரட்டையர்களின் கோயில் மிச்சம் என்று ஒருவர் கை நீட்டிக் காட்டினால்தான் கல் கோயிலாகும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் 'போதும், வா' என்று குழந்தைகள் கையைப் பிடித்து இழுக்கும். அங்கே பணம் கொடுத்து கைடு வைத்துக்கொள். ஆனால் ரோமின் பழைய கோயிலான பாந்தியனுக்கு எதற்கு? நிமிர்ந்து பார்த்தால் கூரையில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு, அதன் வழியே இறங்கும் வெயில் சுவரில் மெல்ல நகர்கிறது. அதற்கு யாரும் உரை சொல்ல வேண்டாம். பாரிஸில் செய்ன் நதிக்கரை, மோன்மார்த்ர் பகுதித் தெருக்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

வத்திக்கான் அருங்காட்சியகம் இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவே. அங்கே கூரை ஓவியங்களுக்குப் பெயர் போன சிஸ்டைன் சேப்பலுக்குள் கைடு பேசக் கூடாது. அதனால் முன்னதாகவே முற்றத்தில் இருக்கும் பெரிய படப் பலகைகளுக்கு முன் நிறுத்தி, கூரையில் எது எங்கே என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு பின்னால் நின்றால், கொடுத்த காசில் பாதி போச்சு. முன்னால் போய் நில். சேப்பலிலிருந்து நேரே செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துப் பக்கம் இறங்கும் கதவு ஒன்று உண்டு. அது பொதுவாக கைடோடு வரும் குழுக்களுக்குத்தான். திறந்திருந்தால் நீண்ட நடை மிச்சம், அம்மாவின் காலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை மூடிவைக்கும் நாட்களும் உண்டு, அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதே.

குழுவோடு போவதில் நேரம் எங்கே கரைகிறது தெரியுமா? இருபத்தைந்து பேர் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும், கழிவறைக்குப் போனவர் வர வேண்டும், சிக்னலில் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் நிற்பார்கள். மூன்று மணி நேர டூரில் நீ உருப்படியாகப் பார்ப்பது ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள். இரண்டு மொழியில் நடத்தும் டூர் என்றால் அதிலும் பாதி. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டுமே.

புக் செய்யும் பக்கத்தில் எழுதியிருப்பதை வரி வரியாகப் படி. 'பனோரமிக்' என்றால் பஸ் ஜன்னல் வழியே. 'ஃபோட்டோ ஸ்டாப்' என்றால் பத்து நிமிடம், வாசலோடு சரி. நுழைவுக் கட்டணம் சேர்த்தி என்று தெளிவாக எழுதாவிட்டால் சேர்த்தி இல்லை. 'ஸ்கிப் த லைன்' என்பது டிக்கெட் வரிசையைத்தான் தாண்டவைக்கும், பாதுகாப்புச் சோதனை வரிசையை அல்ல; இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து சண்டை போடுகிறார்கள். டூர் எங்கே முடிகிறது என்பதையும் பார். நினைவுப் பொருள் கடை வாசலில் முடிந்தால் காரணம் உனக்கே புரியும். சந்திக்கும் இடம் பெரும்பாலும் நீ பார்க்கப்போகும் இடமாக இருக்காது, இரண்டு தெரு தள்ளி இருக்கும். கால் மணி முன்னதாகப் போ, அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இலவச நடை டூர் என்று வருவது நிஜத்தில் இலவசமில்லை, கடைசியில் டிப்ஸ் கொடுக்க வேண்டும். கூட்டம் அதிகம், எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகாது. ஆனாலும் முதல் நாள் காலையில் இரண்டு மணி நேரம் அப்படி நடந்தால் ஊரின் திசை மண்டையில் ஏறிவிடும். மிச்ச நாளுக்கு அது உதவும். அம்மாவை மட்டும் அதில் சேர்க்காதே. ரோமில் பல தெருக்கள் சின்னக் கருங்கல் பாவியவை, முழங்காலுக்கு ஆகாது. அவர்களுக்கு வேண்டிய நிறுத்தத்தில் ஏறி இறங்கும் சுற்றுலா பஸ் சரி, அதிலும் ஒரு சூட்சுமம்: பெரும்பாலும் ஒரே திசையில்தான் சுற்றும். ஒரு நிறுத்தம் பின்னால் போக வேண்டுமென்றால் முழு வட்டம் அடிக்க வேண்டும். அதைப் போக்குவரத்தாக நினைக்காதே, உட்கார்ந்து பார்க்கும் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

நான்கைந்து பேர் போகிறீர்கள் என்பதால் இன்னொரு கணக்கும் போட்டுப் பார். உரிமம் உள்ள தனி கைடை இரண்டு மணி நேரத்துக்கு வைத்துத் தலைக்கு வகுத்தால், குழு டூருக்கும் அதற்கும் வித்தியாசம் பல சமயம் குறைந்துவிடும். அம்மா உட்கார்ந்தால் கைடும் நிற்பார்.

நீங்களே சுற்றும் பாதிக்கு, முதலில் எந்த இடம் எந்தக் கிழமை மூடல் என்று பார். பாரிஸ் அருங்காட்சியகங்களில் லூவ்ர் செவ்வாய் மூடல், ஓர்சே திங்கள் மூடல். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் இல்லை. அடுத்து, நேரம் குறித்த டிக்கெட்டுகளை அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் எடு. கொலோசியம் டிக்கெட்டில் பெயர் வரும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுது. ஒரு நாளைக்கு நேரம் குறித்த இடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதைச் சேர்த்தால் முதல் இடத்தில் ஆகும் தாமதம் மற்ற இரண்டையும் தின்றுவிடும். மேப் 25 நிமிடம் என்று காட்டும் நடையை உங்கள் குடும்பத்துக்கு 50 என்று எழுதிக்கொள்.

லூவ்ரை முழுக்கப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். மூன்று பிரிவில் ஒன்றைத் தேர்ந்தெடு. மோனா லிசா தெனோன் பிரிவில் இருக்கிறது. அங்கே கூட்டத்தில் கைடு சொல்வது காதில் விழுவதே கஷ்டம், ஃபோனில் கேட்கும் ஆடியோ விளக்கம் போதும். மேப்பையும் ஆடியோவையும் தங்கும் இடத்தின் வைஃபையிலேயே இறக்கி வை. மேப், கேமரா, ஆடியோ மூன்றும் ஓடினால் மத்தியானத்துக்குள் ஃபோன் படுத்துவிடும். பவர் பேங்க் ஒன்று போதாது, இரண்டு எடுத்துக்கொள்.

எந்த ஊர், என்ன தேதி என்று முடிவானதும் எழுது. கிழமை பார்த்து எதை எந்த நாளில் வைக்கலாம் என்று சொல்கிறேன். அம்மாவுக்குப் புது ஷூ வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே வாங்கிக் கொடு. காலுக்குப் பழகட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்