கிரௌன் ஆஃப் இந்தியா மாதிரிப் பதக்கம்: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என்னுடைய ஐந்தாவது மெயில். முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான். இதையாவது ஒரு மனிதர் படியுங்கள்.

கிரௌன் ஆஃப் இந்தியா என்ற பழைய பிரிட்டிஷ் விருதின் மாதிரிப் பதக்கத்துக்கு ஜனவரியில் 4,650 ரூபாய் முழுசாகக் கட்டி ஆர்டர் போட்டேன். மார்ச் 8 அன்று எங்கள் பள்ளியில் சேது லட்சுமி பாய் பற்றிக் கண்காட்சி. அவர் 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது எங்கள் நாகர்கோவிலும் அதில்தான் இருந்தது. 1929இல் அவருக்குக் கிடைத்த இந்த விருதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். 1947க்குப் பிறகு யாருக்கும் கொடுக்காத விருது, அசலுக்கு நான் எங்கே போவேன்?

முதல் பெட்டியில் வந்தது ஸ்டார் ஆஃப் இந்தியா என்ற வேறு விருதின் பதக்கம். அது 1861இல் தொடங்கியது, ராஜாக்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்தது. போபாலை ஆண்ட பேகம்களும் வாங்கியிருக்கிறார்கள், தெரியும், ஆனால் நான் கேட்டது பெண்களுக்கு மட்டுமே என்று விக்டோரியா மகாராணி ஏற்படுத்தியதை. இரண்டு ரிப்பனிலும் வெளிர்நீலமும் வெள்ளையும் இருப்பதால் மாறிவிட்டது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, என் செலவில் கூரியர் அனுப்பினேன்.

இந்தப் பதக்கத்தில் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி, ஆர், ஐ என்ற மூன்று எழுத்துகள் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டியில் வந்ததில் வி, ஆர் மட்டும் இருக்கிறது, ஐ இல்லை! அந்த ஐ என்றால் பேரரசி. 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள், சரியாக ஒரு வருஷம் கழித்து 1878 ஜனவரி 1 அன்று இந்த விருது பிறந்தது. அந்த எழுத்து இல்லாவிட்டால் விருதுக்கே அர்த்தமில்லை. பதக்கம் செய்து விற்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

போன் செய்தால் உங்கள் ஆள் ஒருவர், "மேடம், பொம்பளைங்க குத்திக்கிற புரூச்சுக்கா இவ்வளவு பிரச்சினை?" என்றார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராஜாக்கள் போட்டது பதக்கம், ராணி போட்டது புரூச்சா? அவர் பெயரைக் கேட்டதும் லைனைத் துண்டித்துவிட்டார். அப்புறம் மதுரைக் கிளைக்கு நேரில் வரச் சொன்னீர்கள். லீவு போட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தால், ஆன்லைன் ஆர்டரை இங்கே பார்ப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், பதக்கத்தைத் தொங்கவிடுகிற ரிப்பன் முடிச்சும் வரவில்லை. இடது தோளில் அந்த நீல முடிச்சில்தான் இது தொங்க வேண்டும், நீங்கள் செயின் மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். எழுத்தைச் சுற்றி வர வேண்டிய முத்து வரிசையில் பாதி உதிர்ந்து பெட்டிக்குள் கிடக்கிறது.

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டியைக் காலியாக வைத்தேன். மூன்று மாத உழைப்பும், இருபத்தாறு வருஷமாகச் சேர்த்த பெயரும் ஒரே நாளில் போய்விட்டது.

தயவுசெய்து ஏழு நாளுக்குள் முழுப் பணம், கூரியர் செலவு, மதுரை போய்வந்த செலவு எல்லாவற்றையும் கொடுங்கள். அந்த ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், ரசீதும் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. உங்களிடம் நல்லவர்களும் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் பதில் போடுங்கள்.

பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். இனி என் காசில் கூரியர் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை, நாகர்கோவில்