கச்சேரி முடிஞ்ச மறுநாள் காலைல

மாப்ளே,

சௌக்கியமா? சீசன் முடிஞ்சு இப்பத்தான் உனக்கு மூச்சு விட நேரம் கெடச்சிருக்கும், மார்கழி பூரா போன் பண்ணா எடுக்கவே இல்ல, சரி வயலினத் தூக்கிட்டு சபா சபாவா ஓடிட்டிருப்பேன்னு விட்டுட்டேன். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் அப்படியேதான் இருக்குது. தென்னைக்கு வெள்ளை ஈ விழுந்து இந்த வருசம் காய் கம்மி. கொழிஞ்சாம்பாறை சந்தைப் பக்கம் போனா இன்னமும் உன்னத்தான் விசாரிக்கறாங்க.

விசயத்துக்கு வர்றேன். போன வாரம் எங்க மியூசிக் டிபார்ட்மென்டுக்கு ரெண்டு வயலின்காரங்க கெஸ்டா வந்திருந்தாங்க. ஒருத்தங்க மெட்ராஸ்ல இருந்து வந்த அம்மா, உனக்கு கண்டிப்பா பழக்கம் இருக்கும், நேர்ல சொல்றேன். இன்னொருத்தர் ஜெர்மனிக்காரர், அங்க ஆர்கெஸ்ட்ரால வாசிச்சவரு, நம்ம சங்கீதம் கத்துக்கோணும்னே அந்தம்மாகிட்ட வந்து தங்கியிருக்காரு. பொதுவா கெஸ்ட் வந்தா என்ன நடக்கும்னு உனக்கே தெரியும், சாயங்காலம் வருவாங்க, கச்சேரி, பொன்னாடை, குரூப் போட்டோ, ராத்திரி ட்ரெயின் ஏறிருவாங்க, பசங்க ஓரமா நின்னு கை தட்டிட்டு ஹாஸ்டலுக்கு போயிருவாங்க. இந்தத் தடவை நான் ரெண்டு மாசமா விடாம பேசி கச்சேரி ஒரு சாயங்காலம், கிளாஸ் ரெண்டு முழு நாள்னு வாங்கிட்டேன்.

கச்சேரி பிரமாதம், அத எழுதுனா பக்கம் பத்தாது. ஒன்னு மட்டும் சொல்றேன். தை மாசக் காத்து தெரியுமில்ல, கெழக்க இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற வறக்காத்து, ஓலையெல்லாம் ராப்பகலா படபடன்னு அடிச்சுட்டே கெடக்கும். மெட்ராஸ் ஈரத்துல கெடந்த வயலின் இங்க வந்ததும் மரம் காஞ்சு சுருங்கிப்போட்டு பிருடை, அதான் தந்திய முறுக்கற கட்டை, நிக்கவே மாட்டேங்குது, வர்ணம் பாதில பஞ்சமத் தந்தி அப்படியே எறங்கிருச்சு. நான் ஓடிப்போய் பக்கத்து கிளாஸ்ல இருந்து சாக்பீஸ் எடுத்தாந்து குடுத்தேன். அந்தம்மா பதறவே இல்ல, பிருடைய கொஞ்சம் வெளிய இழுத்து சாக்பீஸ தடவி, திருகிட்டே உள்ள அழுத்தி, சுருதி சேத்துட்டு விட்ட எடத்துல இருந்து எடுத்தாங்க. பசங்க வாயப் பொளந்து பாத்துட்டிருந்தாங்க. இதெல்லாம் எந்த சிலபஸ்லடா இருக்குது?

ஆனா நான் உனக்கு எழுதறதே மறுநாள் காலைல நடந்ததுக்காகத்தான்.

பாய் விரிச்சு எல்லாரும் உக்காந்தாச்சு. யாராச்சும் வாசிங்கன்னதும் மூணாம் வருசப் பொண்ணு ஒன்னு, சித்தூர் பக்கம், வீட்ல தமிழ் வெளிய மலையாளம், கை நல்ல வேகம், பைரவி அடதாள வர்ணத்த ரெண்டு காலத்துல கடகடன்னு வாசிச்சு முடிச்சா. எல்லாரும் சபாஷ்னு சொல்லப்போறோம், அந்தம்மா வயலின கீழ வெக்கச் சொல்லிப்போட்டு, கண்ணு, முதல் வரிய பாடுன்னாங்க. பொண்ணு தயங்கித் தயங்கி பாடுனா. பாடறப்ப ஏறும்போது சதுச்ருதி தைவதம், அதாவது மேல் தைவதம், எறங்கும்போது சுத்த தைவதம், அதாவது கீழ் தைவதம், ரெண்டும் பிசகாம தொண்டைல வருது. இப்ப அதையே வாசின்னா, ரெண்டுக்கும் நடுவுல ஒரே எடத்துல விரல வெச்சு வேகத்துல தாண்டிப் போயிட்டிருக்கா, எங்க யாருக்கும் இத்தன நாளா காதுல படல பாரு. அப்புறம் ஒரு மணி நேரம் அந்த ஒரே வரிதான். பாடு, வாசி, பாடு, வாசி. கடைசில அந்த எறக்கத்துல சுத்த தைவதம் விழுந்தப்ப அவளுக்கே தெரிஞ்சிருச்சு, யாரும் ஒன்னும் சொல்லல, அவளே திரும்ப ஒருக்கா வாசிச்சா.

ஜெர்மனிக்காரர் இன்னொரு விதம். அவர் வந்ததும் சொன்னது, இடது கைல நீங்க எல்லாரும் எனக்கு வாத்தியார், வலது கைய பத்தி மட்டும் நான் கொஞ்சம் பேசலாமான்னு. அவர் இங்கிலீஷ்ல சொல்ல, நான் தமிழ்ல சொல்ல, பொள்ளாச்சி ரோட்டுப் பசங்க அத மலையாளத்துல பக்கத்துல சொல்ல, ஒரே சத்தம். ஒரு பையன் வில்லு பாதிக்கு வந்ததும் நடுங்கும், ரோசின் பத்தல, முடி பழசுன்னு எதெதோ சொல்லிட்டிருந்தோம். அவர் பக்கத்துல உக்காந்து பையனோட கட்டை விரல தொட்டுப் பாத்தாரு, கம்பி மாதிரி நீட்டி வெறச்சு நிக்குது. வில்லை வாங்கி வெச்சுட்டு ஒரு பென்சில குடுத்து அதே மாதிரி புடிக்கச் சொல்லி, கட்டை விரல லேசா மடக்கி, சுண்டு விரல மேல உக்கார வெச்சு, மணிக்கட்டு வரைக்கும் தளத்தி விட்டாரு. வில்லைத் திருப்பிக் குடுத்து, ஒரே இழுப்புல ஆதி தாளம் எட்டு அட்சரம், கீழ் ஷட்ஜம் மட்டும். எதுத்தாப்ல ஒரு கண்ணாடிய நிக்க வெச்சு, வில்லு பிரிட்ஜுக்கு நேரா போகுதான்னு பையனையே பாக்கச் சொன்னாரு. மத்தியானத்துக்குள்ள முக்காவாசி நடுக்கம் போயிருச்சு, மாப்ளே. அந்தப் பையன் சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கல.

அவரும் சும்மா இல்ல. தன் வயலின்ல ஜி டி ஏ ஈன்னு இருந்த தந்திய எறக்கி ச ப ச பன்னு சேத்துக்கிட்டு, தரையில உக்காந்து, சுருள் தலைய வலது பாதத்துல ஊனி, ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொன்னுக்கு வழுக்கிப் போற ஒரு சின்ன ஜாருவுக்காக நெத்தி வேர்க்க மெனக்கெட்டாரு. வயலின் நெஞ்சுக்கும் பாதத்துக்கும் நடுவுல தானா நிக்கறதாலதான் இடது கை மேல கீழ தாராளமா வழுக்கிப் போகுது, ஸ்வரத்த அசைச்சு வாசிக்கற கமகத்துக்கு அதான் ஆதாரம்னு பசங்களே அவருக்கு சொல்லிக்குடுத்தாங்க. கேக்கறதுக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ராத்திரி சாப்பாட்டுல தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு கதைய சொன்னேன். தஞ்சாவூர்ல இருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தவரு, 1834ல சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு யானைத் தந்தத்துல செஞ்ச வயலின் பரிசா குடுத்தாருன்னதும் மனுசன் சாப்பிடறத நிறுத்திட்டு கேட்டாரு. மேற்க இருந்து வந்த வாத்தியம், முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் நம்மதாக்கி விட்டுட்டாங்க, இன்னைக்கு அவங்க ஊர்க்காரர் அத நம்மகிட்ட கத்துக்க வர்றாரு.

இத நெனச்சுட்டேதான் உனக்கு எழுத உக்காந்தேன். வாசிக்கறவங்களும் சொல்லிக்குடுக்கறவங்களும் வேற வேற ஆளுன்னு இப்ப ஆயிப்போச்சு, அது தப்புன்னு எனக்கு உறுதியா படுது. வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு 1919ல ஆந்திரா விஜயநகரம் மியூசிக் காலேஜ்ல மாணவனா சேரப் போனாரு, அவர் வாசிச்சதக் கேட்டுட்டு அப்ப அங்க பிரின்ஸிபாலா இருந்த ஆதிபட்ல நாராயணதாசு அவர வாத்தியாராவே எடுத்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க, 1936ல அங்கயே பிரின்ஸிபால் ஆனாரு. நம்ம திருப்பூணித்துறைல பொறந்த வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணன் டெல்லி யுனிவர்சிட்டி மியூசிக் ஃபேகல்டில டீனா இருந்தாரு. அவங்களுக்கெல்லாம் கச்சேரி இல்லாமயா? மேடைல நாலாயிரம் தடவ சிக்கல்ல மாட்டி வெளிய வந்த கைதான் ஒரு பையனோட கட்டை விரல் எங்க வெறைக்குதுன்னு உடனே கண்டுபிடிக்கும், எங்களால எவ்வளவு முயற்சி பண்ணாலும் அந்தளவு முடியறதில்ல.

அதனால நேராவே கேக்கறேன், மாசில நீ வரணும். கச்சேரிக்கு மட்டும் வராதே, ரெண்டு நாள் கிளாஸ். பணம் பெருசா ஒன்னும் கெடைக்காது, ட்ரெயின் சார்ஜும் ஒரு சின்ன கவரும்தான். எங்க வீட்லதான் தங்கறே. பக்கவாத்தியம் வாசிக்கறது எப்படி, பாடறவங்க ஆலாபனை பண்றப்ப எங்க பின்னாடியே போகோணும், எங்க சும்மா இருக்கோணும், இத இங்க யாருமே சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, பசங்க எல்லாம் சோலோவே வாசிச்சு பழகிட்டாங்க. ஒரு பாட்டு படிக்கற பொண்ண உக்கார வெச்சு பாட விட்டு, ஒவ்வொரு பையனா பக்கத்துல உக்கார வெச்சு நீ பாத்தீன்னாப் போதும்.

எந்த வாரம் தோதுப்படும்னு பாத்து சீக்கிரம் சொல்லு, நான் இங்க லெட்டர் போட்டு அனுமதி வாங்கோணும், அதுக்கே பத்து நாள் ஆகும். ஒலவக்கோட்டுல, அதான் பாலக்காடு ஜங்ஷன்ல, எறங்கிக்கோ, வண்டியோட நிக்கறேன். வர்றப்ப நல்ல ரோசின் அஞ்சாறும் ரெண்டு செட் தந்தியும் வாங்கிட்டு வா, காசு இங்க குடுத்தர்றேன்.

உன்ற
மாப்ள