திருப்புளிக்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் கழித்து எழுதியதில் பாதிக்கு மேல் உன் மரம் அறுக்கும் செயின்சாவைப் பற்றியே இருந்ததைக் கண்டு சிரித்துக்கொண்டேன். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மெக்கானிக்குகள் ‘ஸ்லோ’ என்று சொல்லும் சும்மா ஓட்டத்தில் இஞ்சின் ஒழுங்காக நிற்கிறது, விசையை அழுத்தியதும் மூச்சுத் திணறி அணைந்துவிடுகிறது, ஆகவே காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். நீ திருப்புளியை எடுப்பதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

போன மாதம் வரை நன்றாக அறுத்த இயந்திரத்தின் திருகுகள் தாமாகத் திரும்பிக்கொள்வது அரிது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார். மரத்தூள் அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைப்பதால் கலவையில் பெட்ரோல் கூடித் தெரியும். அதைச் சரிசெய்வதாக எண்ணித் திருகை உள்ளே திருப்பிவிட்டு, பிறகு ஒரு நாள் ஃபில்டரைச் சுத்தம் செய்தால், அன்றைக்கு இஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். அடுத்து, டேங்குக்குள் குழாயின் முனையில் இருக்கும் சிறிய பெட்ரோல் ஃபில்டரையும், சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் வலையில் கரி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முயலாதே. உன் இயந்திரத்தின் கையேடு பெட்ரோல் 50க்கு ஆயில் 1 என்று சொன்னால், ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலை அளந்து ஊற்றிப் புதிதாகக் கலந்துகொள், கண்மதிப்பு வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் திணறினால் திருகுகளுக்கு வரலாம். மூன்று இருக்கும். எல் என்பது குறைந்த வேகத்துக்கான பெட்ரோல், எச் என்பது முழு வேகத்துக்கான பெட்ரோல். மூன்றாவது, எல்ஏ என்றோ டி என்றோ குறித்திருப்பது, பெட்ரோலைத் தொடுவதில்லை, சும்மா ஓடும் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்கும். எல், எச் இரண்டையும் வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொன்றும் இப்போதைய இடத்திலிருந்து மெல்ல உட்காரும் வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள். வழி தவறினால் திரும்பிவர அந்தக் காகிதம்தான் துணை. உட்கார்ந்த பிறகும் இறுக்கினால் திருகின் ஊசிமுனை சிதைந்து, அதன்பின் எந்தச் சரிசெய்தலும் நிற்காது. பல இயந்திரங்களில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சுற்று வெளியே என்பது நல்ல தொடக்கம், ஆனாலும் உன் கையேடு சொல்வதே கணக்கு. திருகின் தலையில் பிளாஸ்டிக் மூடி இருந்தால், புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சிறிதளவு மட்டுமே திரும்பும்படி வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதைப் பிடுங்காதே.

இஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகு எல் திருகில் தொடங்கு. அந்த வழியே வரும் பெட்ரோல் முழு வேகத்திலும் சேர்ந்துகொள்வதால், எச் திருகை முதலில் சரிசெய்தால் பிறகு அதை மறுபடி தொட வேண்டிவரும். எல் திருகை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, சும்மா ஓட்டம் மிக வேகமாகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஏறத்தாழ கால் சுற்று இடப்பக்கம் கொண்டுவா. விசையை அழுத்தியதும் திணறி அணைவது பெரும்பாலும் இங்கே பெட்ரோல் குறைந்ததன் அடையாளம். புகைவிட்டுக்கொண்டு சோம்பலாக ஏறினால் கூடிவிட்டது. உன் கோளாறு முதல் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு மூன்றாவது திருகால், சங்கிலி அசையாமல் இஞ்சின் மட்டும் நிலையாக ஓடும் வேகத்துக்கு இறக்கு. விசையை விட்ட பிறகும் சங்கிலி ஓடுகிற இயந்திரத்தைக் கையில் பிடிக்காதே.

எச் திருகைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒரு இஞ்சினைக் கொன்றது அதில்தான். முழு விசையில் ஒலி எவ்வளவு கூர்மையாக ஏறுகிறதோ அவ்வளவு வலிமை என்று நம்பி, உள்ளே உள்ளே திருப்பிக்கொண்டே போனேன். அன்று அது பாடிய பாட்டை இன்றும் மறக்கவில்லை. சில நாள் கழித்துத் தடித்த அடிமரம் ஒன்றின் நடுவில் நின்றுபோனது. திறந்து பார்த்தபோது, சூடான வாயு வெளியேறும் பக்கத்தில் பிஸ்டன் முழுவதும் நீளக் கீறல்கள். இந்த இஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. ஆகவே பெட்ரோலைக் குறைப்பவன் ஆயிலையும், பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியையும் சேர்த்துக் குறைக்கிறான், அதே வேளையில் வேகத்தைக் கூட்டுகிறான். எச் திருகு சரியாக இருந்தால், மரத்தைத் தொடாமல் முழு விசை கொடுத்தால் ஒலி சற்று உடைந்து கரகரப்பாக இருக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். வெறுமையிலேயே தெளிவாகக் கூவினால் இடப்பக்கம் திருப்பு. இந்தச் சோதனையில் முழு விசையைச் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்காதே.

இதில் என் செய்தி ஒன்றும் உண்டு. காதுமூடி இல்லாமல் அறுத்த வருடங்களுக்கு இப்போது கணக்குத் தீர்க்கிறேன். மேல்சுருதி ஒலிகள் வலது காதில் சரியாக விழுவதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கரகரப்பு எங்கே முடிகிறது என்பது எனக்கு இனி நிச்சயமில்லை. ஸ்பார்க் பிளக் வயருக்கு அருகே பிடித்தால் இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, கையேட்டில் உள்ள உச்ச எண்ணுக்குக் கீழே நிறுத்துகிறேன். நீ இப்போதே காதுமூடி போட்டுக்கொள். கரகரப்பு அதற்குள்ளும் கேட்கும்.

இன்னொன்று. எவ்வளவு திருப்பியும் ஓட்டம் நிலைக்காமல், ஒருமுறை ஏறியும் ஒருமுறை இறங்கியும் போனால், அல்லது இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததும் வேகம் மாறினால், திருகை விட்டுவிடு. சீல் வழியாகவோ இன்டேக் ரப்பர் வழியாகவோ காற்று நுழையலாம், அல்லது கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருக்கலாம். காற்றுக் கசிவைப் பெட்ரோலைக் கூட்டி மறைத்தால் சில நாள் ஓடும், பிறகு என் பழைய இஞ்சினின் கதிதான்.

நாளைக்கே ஃபில்டரையும் பெட்ரோலையும் மாற்றிப் பார்த்துவிட்டு, நாலைந்து துண்டு அறுத்த பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறம் என்ன என்று எழுது. வெளிர் பழுப்பு என்றால் நிம்மதியாக இருப்பேன். வெளுத்திருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தொலைபேசியில் கூப்பிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்