கடலூர் வயல்களின் மீத்தேனைக் கடலூரிலேயே அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீராணம் பாசனப் பகுதியில் உள்ள எங்கள் ஊர்களில் கார்பன் கிரெடிட், அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைத்ததற்குத் தரப்படும், விற்கக்கூடிய சான்று, பற்றிய பேச்சு அடிபடுகிறது. நெல் வயலில் தண்ணீரை எந்நேரமும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அத்தகைய வாயுவான மீத்தேன் குறையும், குறைந்த அளவுக்கேற்பப் பணம் வரும் என்று சொல்லி விவசாயிகளிடம் படிவங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். இதில் முதல் பாதி உண்மைதான். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், மட்கும் பொருள்களிலிருந்து நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வயல் காயும்போது அது தடைப்படுகிறது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதை யார், எங்கே, எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்டால் படிவம் கொண்டு வருபவர்களிடம் பதில் இல்லை.

வயலில் மீத்தேனை நேரடியாக அளப்பது எளிதன்று. நெற்குத்துகளை அக்ரிலிக் பெட்டியால் மூடி, சிறிது நேர இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசியால் உறிஞ்சி, ஆய்வகத்தில், வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் சோதிக்க வேண்டும்; நடவிலிருந்து அறுவடை வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செலவுக்கு அஞ்சி, ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழு வகுத்த பொது மதிப்புகளை எடுத்துப் பெருக்கிக்கொள்வதே பெருவழக்கம். அக்குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, தொடர்ந்து நீர் நிற்கும் நெல் வயலிலிருந்து எக்டேருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ மீத்தேன் வெளியேறும் என்றது. 2019இல் வந்த திருத்தமோ தெற்காசியாவுக்கெனத் தனியாக 0.85 கிலோ என்று குறித்தது. சம்பாவில் நாம் நடும் சி.ஆர். 1009 நெல் ரகம் நடவு வயலில் 120 நாள் நிற்பதாகக் கொண்டால், முதல் கணக்கில் எக்டேருக்கு 156 கிலோவும் இரண்டாவதில் 102 கிலோவும் வருகின்றன. புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று பெருக்கினால், அதே வயல் ஒரு தாளில் ஏறத்தாழ 4.4 டன்னாகவும் மற்றொரு தாளில் 2.9 டன்னாகவும் தெரிகிறது. வயலில் எதுவும் மாறவில்லை, புத்தகம்தான் மாறியிருக்கிறது.

இரண்டுமே நம் மண்ணில் எடுத்த எண்கள் அல்ல என்பது அடுத்த சிக்கல். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்ச வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்குக் குறுவையில் இது முடியும். (பாசன மின்சாரம் இலவசம் என்பதால் விவசாயிக்கு அதில் கைக்காசு மிச்சமாவதில்லை என்பது வேறு கதை.) சம்பாவில் நிலைமை முற்றிலும் வேறு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் குமராட்சி, காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் தண்ணீரை வடிப்பதே பெரும்பாடு. வாய்க்கால் பாசனத்தில் ஒருவர் வயல் வழியாகத்தான் அடுத்தவர் வயலுக்கு நீர் போகிறது என்னும்போது, நடுவில் இருப்பவர் தன் வயலை மட்டும் காயப்போடவும் முடியாது. இத்தகைய வயல் பலமுறை காய்ந்ததாக எழுதிக்கொண்டு, 2019 திருத்தத்தில் அதற்கெனத் தரப்பட்டுள்ள 0.55 என்ற காரணியால் பெருக்கினால், கிட்டத்தட்டப் பாதி மீத்தேன் காகிதத்தில் மறைந்துவிடும். வயலிலிருந்து அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். நெல் வயல் மீத்தேனைக் குறைப்பதாகக் கூறிய சீனாவின் 37 திட்டங்களை வெர்ரா என்னும் கார்பன் பதிவு அமைப்பு 2024 ஆகஸ்டில் நிராகரித்ததை, கையெழுத்து வாங்குபவர்கள் விவசாயிகளுக்குச் சொல்வதே இல்லை.

வயல் காய்ந்து நனையும்போது மீத்தேன் குறைந்தாலும், புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். அது கார்பன் டை ஆக்சைடைவிட 265 மடங்கு வலிமையானது. கரும்பில் இதுவே பெரிய கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும் என்ற பொது மதிப்பின்படி, மூட்டைக்கு சுமார் 86 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு கணக்கில் ஏறும். கறவை மாட்டுக்கும் இப்படித்தான்: ஆண்டுக்கு 900 கிலோ பால் தரும் மாட்டை மனத்தில் வைத்து, அது ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேனை வெளியிடும் என்று 2006 வழிகாட்டி எழுதி வைத்தது. நம் ஊர் ஜெர்சி கலப்பினம் அதைவிடக் கூடுதலாகவே கறக்கிறது, தின்கிறது.

மரங்களின் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் மர விதானம் (மேலிருந்து பார்க்கும்போது இலைப்பரப்பு மூடும் இடம்) 10 விழுக்காடு இருந்தாலே, நிலம் யாருடையது, என்ன மரம் என்று பாராமல், இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்க்கிறது. பண்ருட்டி முந்திரித் தோப்பும், சில ஆண்டுகளில் வெட்டப்படப்போகும் சவுக்குத் தோப்பும் இந்த வரையறைக்குள் வந்துவிடுகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஒரே நாளில் சாய்த்த முந்திரியும் பலாவும் எத்தனை என்பதை அறிந்த மாவட்டம் இது. மரம் சேர்த்து வைத்த கார்பனை வரவில் எழுதினால், அது சாயும் நாளின் பற்றை யார் பெயரில் எழுதுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லியாக வேண்டும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது. விருத்தாசலத்திலும் பாலூரிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கடைமடை வயல் ஒன்றிலும், ஆழ்துளைக் கிணற்றுப் பாசன வயல் ஒன்றிலும், குறுவை, சம்பா இரண்டிலும், சில ஆண்டுகள் தொடர்ந்து பெட்டி வைத்து அளந்து முடிவுகளைத் தமிழில் வெளியிடும் பணியை அரசு இவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மண்வள அட்டையில் அங்ககக் கார்பனின் விழுக்காடு மட்டுமே தரப்படுகிறது. மண்ணின் பருமஅடர்த்தி, அதாவது குறிப்பிட்ட கன அளவு மண்ணின் எடை, தெரியாமல் அதை எக்டேருக்கு இத்தனை டன் என்று மாற்ற முடியாது என்பதால், அதையும் சோதனையில் சேர்க்க வேண்டும்.

அதுவரையில், கார்பன் ஒப்பந்தம் கொண்டு வரும் எவரும் எந்த மதிப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள், அது எங்கே அளக்கப்பட்டது, பணத்தில் விவசாயியின் பங்கு எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் முன்வைத்த பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர்,
காட்டுமன்னார்கோவில் வட்டம், கடலூர் மாவட்டம்.