பெயர் கேட்டு வருகிறவர்கள்

சிட்னி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது பெரிய நிம்மதி. தேதி குறித்ததும் எனக்கு முதலில் சொல்லு, டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன். இவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் நடங்கள் என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

"இந்த வயசில் எதுக்குடி கத்தி, கேடயம், வேஷம்?" என்று கேட்டிருக்கிறாய். கத்தி எடுக்கிற கூட்டம் வேறு, நான் பார்ப்பது பேப்பர் வேலை. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் என்று பெயர், ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை வேஷம் போட்டு வாழ்ந்து பார்க்கிற கூட்டம். 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் விளையாட்டாக நடத்திய வாள் போட்டியில் ஆரம்பித்தது. இன்று உலகத்தையே ராஜ்ஜியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஒரு ராஜ்ஜியம். சேருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பழங்காலப் பெயரும் கேடயத்தில் வரைய ஒரு சின்னமும் பதிவு செய்துகொள்ளலாம். அந்த விண்ணப்பங்களை வாங்கி, சரிபார்த்து, மேலே அனுப்புகிற ஹெரால்டுகளில் நானும் ஒருத்தி. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு நடக்கும் ரோவனி திருவிழாவில் ஒரு கூடாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரம் இருக்காது.

பெயருக்கு விதி சுருக்கமானது. குறைந்தது இரண்டு பகுதி வேண்டும், நம் ஊரில் இனிஷியலும் பெயரும் போல. இரண்டும் பழைய காலத்தில் புழங்கியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு, வரிக் கணக்கு, நீதிமன்ற ஆவணம். 1292-ல் பாரிஸில் வீடு வீடாக எடுத்த வரிக் கணக்கு எங்களுக்குப் பெரிய புதையல். ரொட்டி சுட்டவன், செருப்புத் தைத்தவள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பழசு எது புதுசு எது என்று நாம் நினைப்பது பாதி தப்பு. டிஃபனி என்றால் ஏதோ அமெரிக்க ஷாப்பிங் மால் பெயர் என்றுதான் தோன்றும். அது இடைக்காலத்துப் பெயர், ஜனவரி 6-ல் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டிப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு வைத்தது. வனெசா என்றால் ரோமாபுரி ராணி மாதிரி இருக்கிறது, ஆனால் 18-ம் நூற்றாண்டில் ஜோனதன் ஸ்விஃப்ட் என்கிற எழுத்தாளர் ஒரு கவிதைக்காக இட்டுக்கட்டியது. அப்புறம், நிஜ வாழ்க்கையில் வனெசா என்றே பெயர் உள்ள ஒருத்தி வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. சட்டப்படி உன் பெயர் அதுதான் என்று காட்டிவிட்டால் அனுமதி. அந்த ஒரு விதியை எழுதியவர் யாரோ, நல்ல மனசுக்காரர்.

சின்னத்துக்கு வரும்போதுதான் கண்ணீர். போன ஈஸ்டரில் ஒரு பையன் சிவப்புக் கேடயத்தில் கறுப்பு டிராகன் வரைந்து கொண்டுவந்தான். அழகாகத்தான் வரைந்திருந்தான், செதில் செதிலாக. முடியாது என்றேன். மஞ்சளும் வெள்ளையும் ஒரு கட்சி, சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எதிர்க்கட்சி. ஒரு கட்சி மேல் இன்னொன்றுதான் வரலாம், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. வாதம் செய்யாமல் தாளை வாங்கிக் கூடாரத்தின் அந்தக் கோடியில் மாட்டிவிட்டு, "உன் டிராகன் எங்கே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். சிரித்துவிட்டான். உனக்குக் கறுப்பு முக்கியமா, சிவப்பு முக்கியமா என்று கேட்டதில், தாத்தாவின் மோட்டார் பைக் சிவப்பாம், அதனால்தான் சிவப்பு என்று வெளியே வந்தது. மஞ்சள் டிராகனோடு போனான். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் ஆசைப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதியை விட்டுக்கொடுப்பார்கள். விதிப் புத்தகத்தை நீட்டினால் சண்டைதான் வரும்.

ஒரு நர்ஸ் வெள்ளையில் சிவப்புச் சிலுவை கேட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் அடையாளம், யாருக்கும் கிடையாது. அவரே சங்கடமாகச் சிரித்துக்கொண்டு தாளை மடித்துவிட்டார்.

வண்ணம் தீட்டுவது பெரிய தலைவலி. பிரிண்டரில் எடுத்தால் நீலம் ஊதாவாக வந்து நிற்கும், அதற்காகவே விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் ஸ்கெட்ச் பேனா டப்பா இல்லாமல் நான் மேஜையில் உட்காருவதில்லை.

இங்கே முடிந்தால் ராஜ்ஜிய அளவில் ஒரு சுற்று. அப்புறம் மற்ற ராஜ்ஜியத்து ஹெரால்டுகள் எல்லாம் கருத்துச் சொல்வார்கள், ஏற்கெனவே பதிவான ஒன்றோடு மோதுகிறது என்று யாராவது ஒருவர் எங்கிருந்தாவது பிடித்துவிடுவார். கடைசியில் பெயருக்கு ஒரு தலைமை ஹெரால்டும் சின்னத்துக்கு இன்னொருவரும் முடிவு சொல்ல, மாதாமாதம் பட்டியல் வெளியாகும். எல்லாம் முடிய மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பையன் எனக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே இருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு உதவி வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறாள். முதலில் "குந்தவைப் பிராட்டியார்" என்று எழுதிக் கொடுத்தாள். பட்டம் சேர்த்துக்கொள்ளக் கூடாது, சரித்திரத்தில் உள்ள பிரபலமே நான்தான் என்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. முகம் வாடிவிட்டது. அப்போது எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் தளிச்சேரிக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. ராஜராஜன் கோயிலில் ஆட 400 பெண்களை, நாம் தேவதாசிகள் என்கிறோமே, அவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, தெரு, சிறகு, வீடு என்று வரிசையாகப் பெயர் பொறித்து, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல் என்று வைத்தானே, அது. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று படித்துக் காட்டினேன். "எடுத்தபாதம்" என்றதும் துள்ளிவிட்டாள். பரதம் ஆடுகிறவள். இவர்கள் யார், என்ன வாழ்க்கை என்பதையும் சொன்னேன். பாட்டி முகம் சுளிப்பாளோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "பேர் வெட்டி வெச்சிருக்காங்களே ஆன்ட்டி, அது போதும்" என்றாள்.

இப்போது என் சிக்கல் அந்த "நக்கன்". எல்லார் பெயருக்கும் முன்னால் வருகிறது. சிவனின் மகள் என்கிற பொருளில் தகப்பன் பெயர் மாதிரி நிற்கிறதா, கோயில் பெண்களுக்கான அடையாளமா? முதலாவது என்றால் சுலபம். இரண்டாவது என்றால் பதவிப் பட்டம் என்று யாராவது கை தூக்குவார்கள், நான் பதில் வைத்திருக்க வேண்டும். கோயிலோடு சம்பந்தமில்லாத சாதாரணப் பெண்களுக்கும் நக்கன் என்று வருகிற சோழர் காலக் கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா? நீ டிப்ளமோ படித்தபோது கூடப் படித்த கல்வெட்டுக்காரர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் கேட்டுச் சொல்லு. இருந்தால் அந்தப் பக்கத்தையும் புத்தகத்தின் முகப்பையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. இரண்டும் சேர்த்து வைக்காவிட்டால் கேள்வி கேட்பார்கள்.

அடுத்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் இந்தச் சுற்றிலேயே சேர்த்துவிடுவேன். அத்தைக்கு என் நமஸ்காரம். புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதாக இருந்தால் நான் வரும்வரை பொறு.

அன்புடன்,
வசந்தா