எங்கள் பிளாட்பாரம் யாருடைய லிமிட்?

சென்னை பெரும்பாக்கம் – சோழிங்கநல்லூர் சாலைக்குப் பொறுப்பான அதிகாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

"எல்லோருக்கும்" என்று எழுதக் காரணம் இருக்கிறது. ஒருவருக்கு எழுதினால் "அது எங்க லிமிட்ல வராதும்மா" என்ற பதில்தான் வருகிறது. ரோட்டோரப் பிளாட்பாரம் அங்கங்கே அறுந்து கிடக்கிற விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன், இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால் பழைய அலுவலகத்துக்கே வழி சொன்னார்கள். இடையில் இரண்டு முறை ஷேர் ஆட்டோ காசு போனதுதான் மிச்சம்.

இங்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவக்கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் எங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டு வேலை, ஆபீஸ் துப்புரவு, மார்க்கெட் என்று பலருக்கும் பிழைப்பு ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, உண்மைதான். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கே நடந்துதானே போக வேண்டும்?

அந்த நடையைத்தான் சொல்ல வருகிறேன். கேட்டைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் பிளாட்பாரம் இருக்கிறது. அப்புறம் ஓர் ஈபி பெட்டி. அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்க வேண்டும். ஏறினால் ஒரு கடையின் படிக்கட்டு, மறுபடியும் இறக்கம். அதற்கடுத்து கால்வாய் மேல் போட்ட சிலாப் ஒன்று உடைந்து கிடக்கிறது. பகலில் தாண்டிவிடலாம். மழை நாளில் தண்ணீர் தேங்கிவிட்டால் சிலாப் எங்கே, ஓட்டை எங்கே என்று தெரியாது. என் மாமியார் அந்த இடம் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னாடி போ, நான் உன் கால பார்த்து வரேன்" என்பார். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். எங்களைத்தான்.

ஊராட்சி, மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, வீடு கட்டிய வாரியம் என்று ஆளுக்கொரு எல்லை இருக்கலாம். நடக்கிறவர்களுக்கு அது ஒரே சாலை. ஓர் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில்தான் பிளாட்பாரம் காணாமல் போகிறது.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடப்பதற்கு ஏற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்தில் நொறுங்கிய கால்களைத் தினமும் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 2022-இல் மட்டும் நாடு முழுக்க சாலையில் நடந்துபோன 32,825 பேர் விபத்தில் இறந்ததாக மத்திய அரசே கணக்குச் சொல்கிறது.

அளவும் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கிற அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, தடையே இல்லாமல் 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தி.நகர் கடைத்தெருவான பாண்டி பஜாரில் 2019-இல் அதைவிட அகலமாகவே திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம், என் மகள் கையை விட்டுவிட்டு ஓடினாள், நானும் சும்மா இருந்தேன். துணி வாங்கப் போகிறவர்களுக்கு முடிந்தது, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏன் முடியவில்லை?

நாங்கள் அவ்வளவு அழகெல்லாம் கேட்கவில்லை. குடியிருப்பு கேட்டிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் அறுபடாத பிளாட்பாரம், அதன் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி விளக்கு, ஈபி பெட்டிகளுக்கு வேறு இடம். அந்த சிலாப் மட்டும் மழைக்கு முன்னால் வேண்டும், அதற்கு டெண்டர் வரைக்கும் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

யாருடைய லிமிட் என்ற கேள்வியை உட்கார்ந்து பேசினால் தீராது, நடந்து பார்த்தால் தீரும். நான்கு அலுவலகத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவர், ஒரே நாளில், மாலை ஆறரைக்கு எங்கள் கேட்டுக்கு வாருங்கள். ஜீப்பை உள்ளேயே நிறுத்திக்கொள்ளலாம், இடம் இருக்கிறது. மாமியாரும் வருவார்.

இப்படிக்கு,
எட்டாவது மாடியிலிருந்து ஒருத்தி