பகுதி பி-யில் யார் கையெழுத்துப் போடுவது?

மாண்பமை சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், தமிழ்நாடு அரசின் சட்டத் துறைக்கும்,

வணக்கம். தாலுகா நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் நான். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில், மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கான 63-ஆம் பிரிவு பற்றி எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவு கேட்கும் சான்றிதழின் பகுதி பி-யில் ஒரு கையெழுத்து வாங்க முடியாமல் எங்கள் ஊர் வழக்குக் கட்சிக்காரர்கள் அலைகிறார்கள்.

முன்பெல்லாம் கடன் வழக்கென்றால் புரோநோட்டைக் கொண்டுவருவார்கள், வாடகை வழக்கென்றால் ரசீதுக் கட்டு வரும். இப்போது செல்போனை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். கைமாற்றுப் பணம் ஜிபேயில் போயிருக்கிறது. "அடுத்த மாசம் கட்டாயம் குடுத்துடறேங்கா" என்பது வாட்ஸ்அப் குரல் செய்தியாக இருக்கிறது. இரவோடு இரவாக வரப்பை வெட்டியதைப் பக்கத்துத் தோட்டக்காரர் வீடியோ எடுத்திருக்கிறார். எழுத்துப்பூர்வமான காகிதம் ஒன்றுகூட இல்லாத வழக்குகள் வந்துவிட்டன. ஜிபே போன பணத்துக்கு வங்கியில் கணக்கு விவரம் வாங்கிவிடலாம், அதற்குத் தனிச் சட்டமும் பழைய வழிமுறையும் உண்டு. சிக்கல் குரல் செய்தியிலும் படத்திலும்தான்.

பழைய சாட்சியச் சட்டத்திலும் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி என்ற பிரிவு இருந்தது. அந்தச் சான்றிதழ் கட்டாயமா இல்லையா என்று உச்ச நீதிமன்றமே 2014-இல் ஒன்றும் 2018-இல் வேறொன்றும் சொல்லி, கடைசியில் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் கட்டாயம்தான் என்று முடித்துவைத்தது. கட்டாயம் என்றாலும் அது எங்களுக்குப் பெரிய சுமையாக இருக்கவில்லை. போனுக்குச் சொந்தக்காரரே கையெழுத்திடலாம். அலுவலகத்தில் டைப் செய்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பிராதோடு சேர்த்துத் தாக்கல் செய்துவிடுவோம்.

புதிய சட்டம் அந்தச் சான்றிதழை இரண்டாகப் பிரித்துவிட்டது. பகுதி ஏ-யைக் கட்சிக்காரர் நிரப்ப வேண்டும். பகுதி பி-யை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். போனின் மாடல், நிறம், அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண், கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் அடையாளக் குறியீடான ஹாஷ் மதிப்பு, அதை எந்த முறையில் கணக்கிட்டார்கள், எஸ்எச்ஏ1-ஆ எஸ்எச்ஏ256-ஆ எம்டி5-ஆ என்பதுவரை எழுத வேண்டும். சாட்சியமாக முன்வைக்கும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் கூடவே வர வேண்டும் என்கிறது சட்டம்.

நிபுணர் யார் என்று 63-ஆம் பிரிவு சொல்லவில்லை. 39-ஆம் பிரிவுக்குப் போனால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ-படி அறிவிக்கப்பட்ட மின்னணுச் சாட்சிய ஆய்வாளர் ஒரு நிபுணர் என்று இருக்கிறது. அப்படி அறிவிக்கப்படுபவை மத்திய, மாநில அரசுகளின் துறைகளும் அமைப்புகளும்தான். கைமாற்றுக் கடன் வழக்குப் போட்ட ஒரு பெண் அங்கே போய் வரிசையில் நிற்க வழியில்லை. 79ஏ ஆய்வாளர் மட்டும்தான் நிபுணரா, கணினி தெரிந்த எவரும் கையெழுத்திடலாமா? எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கும்போது ஒவ்வொரு நீதிமன்றமும் தனக்குத் தோன்றிய பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்றாவணமாகக் குறியிட மறுத்துவிட்டால் வழக்கின் முதுகெலும்பே போய்விடும். இதற்குப் பயந்து பெருநகரத்தில் தனியார் ஆட்களைத் தேடிப் போகிறவர்கள், அவர்கள் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு வரம்பு கிடையாது. அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

இந்த நிபந்தனையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் குரலை வைத்து அவர் பேசாததைப் பேசியதுபோலச் செய்ய இன்று ஒரு செயலி போதும். கையில் கிடைத்த ஸ்கிரீன்ஷாட்டையெல்லாம் நம்பித் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் பகுதி பி உண்மையில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அந்தக் குரல் இன்னாருடையதுதான் என்று அது சொல்லச் சொல்லவில்லை. செய்தியில் உள்ளது உண்மை என்றும் சொல்லச் சொல்லவில்லை. இந்தக் கருவியிலிருந்து இந்தக் கோப்பு எடுக்கப்பட்டது, இதன் ஹாஷ் மதிப்பு இது, அவ்வளவுதான். ஹாஷ் மதிப்பு ஒரு கோப்பின் கைரேகை. எஸ்எச்ஏ256 என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த 64 இலக்கங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுக்க வேறாகிவிடும். கோப்பு பிறகு கைவைக்கப்படவில்லை என்பதற்கு மட்டும்தான் அது காவல். பொய்யா மெய்யா என்பதைக் குறுக்கு விசாரணைதான் வெளிக்கொண்டுவர வேண்டும். ஆகவே பகுதி பி-யை நிரப்பப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பயிற்சி பெற்ற, பொறுப்பான, பக்கச் சார்பில்லாத ஓர் ஊழியரும் ஒரு கணினியும் போதும்.

இந்தக் கைரேகை எவ்வளவு எளிதில் அழியும் என்பதையும் சொல்ல வேண்டும். "சார், அந்தப் போட்டோவ உங்க நம்பருக்கே அனுப்பிட்டேன்" என்று கட்சிக்காரர் சொல்லும்போதே எனக்குப் பகீரென்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். என் போனில் இருப்பது வேறு கோப்பு, அவர் போனில் இருப்பது வேறு கோப்பு. பலர் எனக்கு அனுப்பிய கையோடு தங்கள் போனிலிருந்து அழித்துவிடுகிறார்கள், இடம் இல்லையாம். போன் பழுதாகி மாற்றியவர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவர்கள் கதை இன்னும் மோசம். வழக்குப் போட நினைத்த அன்றே, ஊரிலேயே, ஹாஷ் எடுத்துப் பதிவு செய்ய ஓர் இடம் இருந்திருந்தால் இவற்றில் பாதி காப்பாற்றப்பட்டிருக்கும்.

மூலக் கருவியையே உரிமையாளர் சாட்சிக் கூண்டேறி ஒப்படைத்தால் சான்றிதழ் வேண்டாம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு பழைய சட்டத்தின்கீழ் ஒரு வழி காட்டியது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேலைக்குக் கூப்பிடுவது அந்தப் போனில். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளித் தகவல் எல்லாம் அந்தப் போனில். வழக்கு முடியும்வரை அதை நீதிமன்றத்தில் விட்டுவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவல் துறைக்கு 2024 ஆகஸ்டிலேயே இ-சாக்ஷியா செயலி வந்துவிட்டது. சம்பவ இடத்தில் எடுக்கும் வீடியோ இடம், நேரத்தோடு பதிவாகி, பாதுகாப்பாகச் சேமிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடு. அரசு தரப்புக்குச் செய்து கொடுத்ததில் ஒரு பங்காவது சிவில் வழக்காடிக்கும், நீதிமன்றத்தில் நேரடியாகத் தனிப் புகார் கொடுப்பவருக்கும், குற்றம் சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நிற்பவருக்கும் வேண்டாமா? தான் அந்த இடத்திலேயே இல்லை என்று காட்ட ஒரு கடையின் சிசிடிவி பதிவை நம்பியிருக்கும் ஏழை எதிரிக்கு இது இன்னும் அவசரம். சில நாளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

வழி இருக்கிறது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ₹7,210 கோடி ஒப்புதல் அளித்தது. எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் இ-சேவா மையம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இப்போது அந்த மையங்களில் இ-ஃபைலிங்கும் வழக்கு நிலவரமும் பார்த்துத் தருகிறார்கள். அதே மேசையில் ஹாஷ் எடுத்து, கோப்பின் நகலை முத்திரையிட்டு, பகுதி பி-யில் கையெழுத்திடும் அதிகாரத்தைப் பயிற்சி பெற்ற ஊழியருக்குத் தரலாம். கீழமை நீதிமன்றங்களுக்கு விதிகள் வகுக்க அரசமைப்புச் சட்டத்தின் 227-ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 63-ஆம் பிரிவின் நிபுணர் என்று யாரை ஏற்கலாம் என்பதை ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக்கினாலே பாதி அலைச்சல் குறையும். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கட்டும். இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுள்ள பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு அந்தக் கட்டணத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்கட்டும். சான்றிதழ்ப் படிவம் தமிழிலும் வர வேண்டும். தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் பகுதி ஏ-யில் கையெழுத்திட்டவர், குறுக்கு விசாரணையில் முதல் கேள்விக்கே தடுமாறிப் போகிறார்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்ய முடியாது என்பது தெரியும். கோடை விடுமுறை முடிந்து சிவில் நீதிமன்றங்கள் திறக்கும்போது ஒரே ஒரு மாவட்டத்தில், அதுவும் மாவட்டத் தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு தாலுகா வளாகத்தில் தொடங்குங்கள். அங்கே என்ன தடை வருகிறது என்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தையும் குமாஸ்தாக்களையும் கேளுங்கள். பயிற்சிக்கு வர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தாலுகா நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்